இலண்டனில் ஓர் அச்சுவேலியார்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலே, தொண்டைமானாற்று நீரேரிக்கு அண்மையில் அமைந்த அச்சுவேலி பழமை வாய்ந்த ஊராகும். ஒல்லாந்தப் பாதிரியாராகிய பல்தேயஸ் 1672 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகளை எடுத்துக் கூறுமிடத்து அச்சுவேலியையும் குறித்திருக்கின்றார். ஆதலின், இவ்வூர்ப் பெயரிலுள்ள ‘அச்சு’ என்னுஞ் சொல் நூல் அச்சிடுந் தொழிலைச் சுட்ட எழுந்ததன்று என்பது வெளிப்படை. ஆயினும் பெயர் பொய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஞானப்பிரகாச யந்திரசாலை என்னும் அச்சகம் அச்சுவேலியில் இயங்கிற்று. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928 ஆம் ஆண்டில் அங்கேதான் அச்சேறியது. யாழ்ப்பாண வரலாற்றை ஆராயப் புகுவோர் இன்றுங் கையிலெடுக்கும் அந்நூலின் முகப்பிலே அச்சுவேலியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

அவ்வச்சகத்தை நடத்தியவர் தம்பிமுத்துப்பிள்ளை என்பார். ‘அழகவல்லி’, ‘சுந்தரன் செய்த தந்திரம்’ ஆகிய நாவல்களை எழுதியவரும் அவரே. மானிப்பாயிற் பிறந்து இளமையிலே தந்தையாரை இழந்த வைத்திலிங்கம் என்னுஞ் சிறுவன், தாயாரின் மறுமணத்தினால் இக்குடும்பத்தைச் சேர்ந்து, அச்சுவேலியில் வளர்ந்து, பின்னர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் என்னும் பன்மொழிப் புலவராய்த் திகழ்ந்தமை யாழ்ப்பாணத்தார் பலரும் அறிந்த செய்தி. அதே குடும்பத்தில் ஒரு தலைமுறை கழித்துத் தோன்றிய மற்றொருவர் பிறந்த நாட்டில் அத்துணை அறியப்படாது போனார். அவரே தம்பிமுத்துப்பிள்ளையின் பேரர், மீரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் மாநகரிலிருந்து வெளிவந்த ஆங்கிலக் கவிதைச் சஞ்சிகைகளுள் முதன்மை பெற்றதொன்றை நிறுவி நடத்தியவர் இவர்.

தம்பிமுத்து 1915 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15 ஆந் திகதி அச்சுவேலியிற் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம், வீட்டிலும் கல்விக்கூடத்திலும் ஆங்கிலம் ஓங்கியிருந்த காலம். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும், கொழும்பிலுள்ள அதே பெயர்க் கல்லூரியிலும் கற்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்தார். பதினேழு வயதாகும்போதே, 1932 இல், ‘இளமைப் பாடல்கள்’ எனப் பொருள்படும் தலைப்பிலே முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். நான்காண்டுகளின் பின் இன்னொரு தொகுதி வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை. பாட்டனார் தமிழ் நாவல் எழுதி அச்சிட்ட குடும்பத்திலே பேரர் ஆங்கிலக் கவிஞராகவே தோன்றியதைக் கண்டு வருந்துவோர் உண்டு. அக்காலத்து இலங்கையில் ஆங்கிலங் கற்ற வீடுகள் பலவற்றின் நிலை அதுவே; அவரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

1938 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதினராய், தம்பிமுத்து இலண்டனை அடைந்தார். கையிற் பொருளில்லை, பட்டம் பெற்று மீளும் நோக்கமுமில்லை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்து சென்ற இளைஞர் பெரும்பாலும் சட்டம், மருத்துவம், குடியியற் சேவைப் பரீட்சை ஆகியவற்றை நாடியே கப்பலேறினர். கவிதையை நாடிச் சென்றவரை விரல்விட்டு எண்ணலாம். சிறுகதை ஆசிரியரான அழகு சுப்பிரமணியத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். அவரும் யாழ்ப்பாணத்தவரே, சட்டம் பயிலச் சென்று எழுத்திலே மனத்தைப் பறிகொடுத்தவர், 1940 இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற ‘இந்தியன் றைற்றிங்’ என்னும் சஞ்சிகையின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். ஒரே காலத்தில், ஒரே நகரில், இரண்டு யாழ்ப்பாணத்தவர் இருவேறு இலக்கியச் சஞ்சிகைகளின் ஆசிரியபீடத்தில் இருந்தனர் என்பது நம் வரலாற்று நூல்களில் இடம்பெறத் தக்க செய்தியாகும்.

தம்பிமுத்து குடியிருந்த ஹவ்லண்ட் வீதி, எழுத்தாளரும் ஓவியரும் மிகுந்த பிற்ஸ்ரோவியாப் பகுதியைச் சேர்ந்தது. 1872 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கவிஞராகிய வெர்லேனும் ரம்போவும் வறுமையோடு தங்கியிருந்ததும் அவ்வீதியிலேதான். வாடகை மலிவான அறைகள், மாலையிற் கூடும் மதுச்சாலைகள், ஓயாத விவாதங்கள் ஆகியவற்றுக்கிடையே அச்சுவேலி இளைஞர் சில திங்களுக்குள் இலண்டன் கவிஞர் பலருக்கும் அறிமுகமானார். அவரை அவர்கள் ‘தம்பி’ என்றே அழைத்தனர். பெயரின் முற்பகுதியைச் சுருக்கமாகக் கொண்டார்களேயன்றி அச்சொல்லின் பொருளை அறிந்து அழைத்தாரல்லர். மூத்தவர், இளையவர், கல்விமான், மதுச்சாலைக்காரர் எல்லோரும் அவரைத் ‘தம்பி’ என்று விளித்ததைத் தமிழர் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். தாம் யாழ்ப்பாணத்து அரச மரபினர் என்றும், கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி தமக்கு மாமன் முறையினர் என்றும் தம்பிமுத்து கூறிவந்தார். அக்கூற்றுகளை நம்பிச் சிலர் அவரை இளவரசர் என்றனர். சிலர் கேலிக்காகவும் அவ்வாறு அழைத்தனர். வரலாறு எழுதுவோர் இவற்றை அவருடைய கூற்றுக்களாகக் கொள்வதன்றி நிறுவப்பட்ட உண்மைகளாகக் கொள்ளலாகாது.

1939 ஆம் ஆண்டின் தொடக்கம் ஆங்கிலக் கவிதைச் சஞ்சிகைகளுக்கு நல்ல காலமன்று. ரி. எஸ். எலியட் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவந்த ‘கிறைற்றீரியன்’ அவ்வாண்டு ஜனவரியோடு நின்றது. ஜெப்ரி கிறிக்சன் 1933 இல் தொடங்கிய ‘நியூ வேர்ஸ்’ அதே ஆண்டில் முடிவெய்தியது. போர் வருமென்ற அச்சம் எங்கும் பரவியிருந்தது. பழையவர்கள் கடையைப் பூட்டிய அவ்வேளையிலே, பெப்ரவரி மாதத்தில், அன்ரனி டிக்கின்ஸ் என்பாரின் துணையோடு தம்பிமுத்து ‘பொயற்றி லண்டன்’ என்னுஞ் சஞ்சிகையின் முதல் இதழை வெளியிட்டார். அட்டையிலே யாழின் வடிவாக வாலை விரிக்கும் ‘லயர்’ பறவையின் உருவம் அமைந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவரின் சஞ்சிகைக்கு யாழ்ப்பறவை சின்னமாய் வாய்த்தமை இனிய தற்செயலாகலாம். அதன்மேல் வேறு விளக்கம் ஏற்றவேண்டுவதில்லை.

முதல் இதழின் ஆசிரியர் கடிதத்தில் தம்பிமுத்து தமது கொள்கையை வெளியிட்டார். மனிதர் ஒவ்வொருவரிடத்தும் கவித்துவம் உண்டென்றும், கவிஞரென்ற முறையிற் புறக்கணிக்கத்தக்க சிறியவர் எவருமிலர் என்றும் அவர் கருதினார். முப்பதுகளில் ஆங்கிலக் கவிதையை ஆண்ட அறிவுவழிப்பட்ட, அரசியற் சார்புடைய போக்குக்கு இது நேர்மாறானது. ஒரு கொள்கையைக் கொடியாக ஏற்றி அதன்கீழ் அணிவகுப்போரை மட்டும் சேர்ப்பது அவர் வழியன்று. டிலன் தொமஸ், ஜோர்ஜ் பார்க்கர், லோறன்ஸ் டறல், டேவிட் காஸ்கோயின், கதலீன் றெயின், ஸ்ரீபன் ஸ்பெண்டர் என ஒருவரோடொருவர் ஒவ்வாதவர்களும் அவருடைய பக்கங்களில் அருகருகே இடம்பெற்றனர். அவர்களோடு, அதுவரை ஓரடியும் அச்சேறப் பெறாத படைவீரரும் மாணவரும் இடம்பெற்றனர். கிறிக்சனைப் போன்ற கண்டிப்பான விமர்சகர்கள் இதனை வெறுத்தனர். களையும் பயிரும் ஒருங்கே வளரவிட்ட வயலென்றே அவர்களுக்கு அது தோன்றிற்று.

அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லையெனல் இயலாது. அச்சஞ்சிகையில் வெளிவந்தவற்றுள் பல இன்று படிக்கத் தகுதியற்றவை. ஆயினும் ஆசிரியரின் கடமை யாது என்பதுபற்றி இருவேறு கொள்கைகள் இங்கே மோதுகின்றன என்பதை மறத்தலாகாது. தீயதை அகற்றுவதே முதற்கடமை என்பது ஒன்று. நல்லது ஒன்றேனும் தவறவிடப்படாதிருத்தலே முதற்கடமை என்பது மற்றொன்று. குண்டுகள் வீழ்ந்த காலத்தில், எழுதுவோர் அடுத்த திங்கள் உயிரோடிருப்பரோ என்பது ஐயமாயிருந்த காலத்தில், தம்பிமுத்து இரண்டாவதைத் தேர்ந்தார்.

1940 செப்ரெம்பர் முதல் மறு ஆண்டு மே வரை இலண்டன்மீது ஜெர்மானியர் நடத்திய வான்தாக்குதலை அவர் அந்நகரிலிருந்தே அனுபவித்தார். கடதாசிக்குப் பங்கீடு வந்தது. 1940 இல் புதிய சஞ்சிகைகளைத் தொடங்குதலும் தடுக்கப்பட்டது. ‘பொயற்றி லண்டன்’ அதற்கு முன்னரே தோன்றிவிட்டமையால் தப்பியது. ஆயினும் ஒழுங்காக வெளிவர இயலவில்லை. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே ஓராண்டுக்கு மேலும் கழிந்ததுண்டு. இடைப்பட்ட காலத்தில் தம்பிமுத்து ‘போர்க்காலக் கவிதை’ எனப் பொருள்படுந் தொகுப்பு நூலொன்றைத் தயாரித்தார். எலியட் பணிப்பாளருள் ஒருவராயிருந்த பேபர் நிறுவனம் அதனை 1942 இல் வெளியிட்டது. இலங்கையிலிருந்து வந்து நான்காண்டே ஆன இளைஞர் ஒருவரிடம், இங்கிலாந்தின் போர்க்காலக் கவிதையைத் தெரிந்து தொகுக்கும் பொறுப்பை அந்நாட்டின் தலைசிறந்த கவிதை வெளியீட்டாளர் ஒப்படைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

அவ்வாண்டு டிசம்பரில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று இன்றும் பல நூல்களிற் காணப்படுகின்றது. ஜோர்ஜ் ஓவெல் அப்போது பீ.பீ.சீ.யின் கிழக்கத்திய சேவையிற் பணிபுரிந்தார். அச்சிட்டு வெளியிடாது வானொலியிலேயே படித்து வெளியிடும் ‘வொய்ஸ்’ என்னுங் கவிதைச் சஞ்சிகையை அவர் இந்திய நேயருக்காக நடத்தினார். அதன்பொருட்டுக் கூடியவர்களைப் படத்திற் காணலாம். மேசையைச் சுற்றி வேணு சித்தாலே, எலியட், யமேக்கா நாட்டுக் கவிஞர் யூனா மார்சன், முல்க் ராஜ் ஆனந்த், நாராயண மேனன் முதலியோர் அமர்ந்திருக்கின்றனர். பின்னே ஓவெலும் வில்லியம் எம்சனும் நிற்கின்றனர். எலியட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தம்பிமுத்து.

தம்பிமுத்துவின் நற்காலம் 1943 ஆம் ஆண்டில் தொடங்கியது. நிக்கல்சன் அன்ட் வொட்சன் என்னும் வெளியீட்டு நிறுவனத்தார் அவருக்கு ஆதரவளித்தனர். அவர்களிடம் கடதாசிப் பங்கு இருந்தது. மன்செஸ்ரர் சதுக்கத்திலே அலுவலகமும் கிடைத்தது. அங்கிருந்து சஞ்சிகையையன்றி நூல்களையும் ‘எடிசன்ஸ் பொயற்றி லண்டன்’ என்னும் பெயரில் அவர் வெளியிடலானார். அக்காலத்து நினைவுகளை எழுதிய ஆங்கிலேயர் பலர் இவ்வலுவலகத்தைப்பற்றி வேடிக்கையாகவே எழுதியுள்ளனர். கையெழுத்துப் பிரதிகள் குவியலாய்க் கிடந்தன என்றும், பழங்காலப் படுக்கையறைக் கலம் ஒன்றிலே கவிதைகள் போட்டு வைக்கப்பட்டிருந்தன என்றும், கடன் கேட்டு வந்தவர்க்கும் கவிதை கொண்டு வந்தவர்க்கும் ஒரே வரவேற்பே கிடைத்தது என்றும் கதைகள் பல. ஜூலியன் மக்லாறன்-றொஸ் நாற்பதுகள்பற்றி எழுதி 1965 இல் வெளிவந்த நினைவு நூலிலே சுவையான செய்தியொன்று உண்டு. அப்பகுதியின் மதுச்சாலைகளில் நாளெல்லாம் தங்குவோருக்கு ஒருவகை நோய் பற்றும். அது பற்றினால் பின் எழுத்துவேலை ஒன்றும் நடைபெறாது என்று தம்பிமுத்துவே புதியவரான அவரை எச்சரித்தாராம். எச்சரித்தவருக்கும் அந்நோய் முழுதும் பற்றாதிருக்கவில்லை.

இவ்வேடிக்கைக் கதைகளே தம்பிமுத்துவின் புகழை மறைத்தன எனலாம். கீழ்நாட்டிலிருந்து வந்த விந்தை மனிதர், நீண்ட கூந்தலர், ஒழுங்கற்றவர், இனியவர் என்ற அளவிலே பலர் அவரைச் சித்திரித்து நிறுத்திவிட்டனர். அச்சித்திரத்தை நம்புவோர் அவர் வெளியிட்ட நூல்களின் பட்டியலை ஒருமுறை பார்த்தல் வேண்டும். டேவிட் காஸ்கோயினின் கவிதைகள் 1943 இல் கிரஹம் சதர்லண்டின் ஓவியங்களோடு வந்தன. கதலீன் றெயினின் முதற் கவிதை நூல் அதே ஆண்டில் சிற்பியார் பார்பரா ஹெப்வேர்த்தின் சித்திரங்களோடு வந்தது. நிக்கலஸ் மூரின் நூலொன்றுக்கு 1944 இல் சித்திரம் வரைந்த இளைஞர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற லூசியன் பிறொயிட். வான்தாக்குதலுக்கு அஞ்சிச் சுரங்கப் புகையிரத நிலையங்களில் மக்கள் படுத்துறங்கிய காட்சிகளை ஹென்றி மூர் வரைந்த ஏட்டினை 1945 இல் நூலாக்கியவரும் தம்பிமுத்துவே. அந்நூல் இன்று அருங்காட்சிப் பொருளாகப் போற்றப்படுகின்றது.

உரைநடையிலும் அவர் கை தவறவில்லை. விளாடிமிர் நபொக்கொவ் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலை இங்கிலாந்தில் முதன்முதல் வெளியிட்டது இந்நிறுவனமே, ஆண்டு 1945. ‘லொலீற்றா’ எழுந்து அவர் பெயர் உலகெங்கும் பரவுவதற்குப் பத்தாண்டு முந்தியது அது. எலிசபெத் ஸ்மார்ட் என்னும் கனடா நாட்டுப் பெண்மணி உரைநடைக் கவிதையாய் எழுதிய காதல் நூலும் அதே ஆண்டில் வந்தது. இரண்டாயிரம் பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்டன. அப்போது அதிகம் பேரால் கவனிக்கப்படவில்லை. 1966 இல் மறுபதிப்பு வந்த பின்னரே அது நிலையான இடம் பெற்றது. ஹென்றி மில்லர், அனயிஸ் நின் ஆகியோரின் நூல்களையும் அவர் வெளியிட்டார். இவர்களுள் எவரையும் அப்போது பெரிய வெளியீட்டாளர் தேடி ஓடவில்லை. ஒழுங்கற்றவர் என்று நகைக்கப்பட்டவரின் கண் இத்தனை இடங்களிலும் பிழைபடாது விழுந்தது என்பதற்கு நகைத்தவர்கள் விடை கூறவில்லை.

தம்பிமுத்துவின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டும் செய்தி கீத் டக்ளஸ் என்னும் கவிஞரைப்பற்றியது. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கி வண்டிப் படையில் அதிகாரியாய்ப் போர்புரிந்தவர் அவர். போர்க்களத்திலிருந்து அவர் அனுப்பிய கவிதைகளை வரவேற்று வெளியிட்டவர் தம்பிமுத்து. டக்ளஸ் 1943 இன் இறுதியில் இங்கிலாந்து மீண்டபோது, அவருடைய கவிதைகளையும் பாலைவனப் போர்பற்றிய உரைநடை நூலையும் வெளியிட ஏற்பாடாயிற்று. மீண்டும் போர்க்களம் செல்லுமுன் கவிதைகளை ஒழுங்குபடுத்தும் பணியில் அவர் ஈடுபட்டார். மன்செஸ்ரர் சதுக்க அலுவலகத்தோடு கடிதப் போக்குவரவும் நடந்தது. 1944 ஜூன் 9 ஆந் திகதி நோர்மண்டியிலே, இருபத்துநான்காம் வயதில், அவர் கொல்லப்பட்டார். உரைநடை நூல் 1946 இல் வந்தது. கவிதைத் தொகுதியோ 1951 வரை வரவில்லை. கவிஞர் மாண்டு ஏழாண்டு கழிந்தது. தம்பிமுத்துவும் அப்போது அந்நிறுவனத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போரில் எழுந்த ஆங்கிலக் கவிஞருள் தலைசிறந்தவராக டக்ளஸை இன்று பலர் கருதுகின்றனர். 1964 இல் ரெட் ஹியூஸ் அவருடைய கவிதைகளைத் தெரிந்து முன்னுரையோடு வெளியிட்டமை அதற்குப் பெரிதும் துணைசெய்தது. அக்கவிஞரை உரிய காலத்தில் இனங்கண்டவர் தம்பிமுத்து. உரிய காலத்தில் நூலாக்கத் தவறியதும் அவர் தலைமையில் இயங்கிய அலுவலகமே. முன்னதைப் புகழ்வோர் பின்னதை மறைத்தல் நேர்மையன்று.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துப் பதிப்பாசிரியர் மரபை நினைவுகூர்தல் பொருத்தமாகும். வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் மறு ஆண்டிலே அச்சியந்திரத்தையும் நிறுவினார். பிழையறப் பதிப்பித்தல் என்பதற்கு அவருடைய பதிப்புகள் இலக்கணமாயின. அச்சுவேலிக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி என அழியவிருந்த பெருநூல்களை 1881 முதல் 1889 வரையுள்ள குறுகிய காலத்துள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றினார். ஏட்டைத் தொட்டால் ஒடியும், கட்டை அவிழ்த்தால் துகளாகும் என்ற நிலையிலிருந்தவற்றைக் காத்தவர் அவர். இவ்விருவரும் தாமே வல்ல எழுத்தாளர்களாயினும் பிறர் நூல்களைக் காத்தளித்ததையே தலையாய பணியாகக் கொண்டனர். ஒரு மொழியின் இலக்கிய வாழ்வில் பதிப்பாசிரியர்க்குரிய இடம் கவிஞர்க்குரிய இடத்திற்குத் தாழ்ந்ததன்று என்பதை யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாய் உணர்ந்துள்ளனர்.

இம்மரபின் அளவுகோல் கொண்டு நோக்கின் தம்பிமுத்துவை மதிப்பிடுதல் எளிதாகின்றது. நாவலருடைய ஒழுங்கு அவரிடம் இல்லை. தாமோதரம்பிள்ளையின் விடாமுயற்சி அவரிடம் பாதியளவே இருந்தது. அவர் பதிப்பித்த மொழியும் தமிழன்று. எனினும் காலம் விழுங்கவிருந்த எழுத்தை அச்சிலே நிறுத்துதல் என்னும் செயல் ஒன்றே. சிறுப்பிட்டியார் காத்தவை கறையானுக்கு அஞ்சியவை. அச்சுவேலியார் காத்தவை குண்டுக்கும் கடதாசிப் பஞ்சத்துக்கும் அஞ்சியவை. அச்சகம் இயங்கிய குடும்பத்திற் பிறந்தவர்க்கு, கையெழுத்துப் பிரதி அச்சேறும்வரை அமைதியில்லை என்ற உணர்வு இளமையிலேயே ஏற்பட்டிருத்தல் இயல்பு.

அவருடைய சொந்தக் கவிதைகள்பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. 1941 இல் வெளிவந்த போர்க்காலக் கவிதை நூல் நேர்மையான உணர்ச்சியுடையது. ஆனால் அவர் பதிப்பித்தோருட் சிறந்தவர்களின் கவிதையோடு ஒப்பிடத்தக்கதன்று. குறிப்பிடவேண்டியது ‘நடராஜா’ என்னும் நெடுங்கவிதை. எலியட்டின் அறுபதாவது பிறந்தநாளுக்கென 1948 இல் அது எழுதப்பட்டது. அதே ஆண்டில் ரிச்சர்ட் மார்ச் என்பவரோடு சேர்ந்து, எலியட்டைப்பற்றிப் பலநாட்டு அறிஞரும் கவிஞரும் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார் தம்பிமுத்து. எலியட் நொபெல் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேயே. கிறித்தவக் கவிஞராகிய எலியட்டை வாழ்த்தப் புகுந்த கத்தோலிக்கத் தமிழர், தில்லைக் கூத்தனைப் பொருளாகக் கொண்டார் என்பது வியப்புக்குரியது. ஆனந்த குமாரசுவாமியின் ‘சிவ நடனம்’ 1918 இல் வெளிவந்தபின் மேல்நாட்டார்க்கு நடராச தத்துவம் ஓரளவு அறிமுகமாகியிருந்தது. ஆயினும் தம்பிமுத்து அதனை நூலறிவாக மட்டும் பெற்றிருக்க வேண்டியதில்லை. அவர் பிறந்த மண்ணிலே கோயிலும் மாதாகோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்பவை.

போர் முடிந்தபின் நிலை மாறிற்று. போர்க்காலத்திற் கவிதை நூல்களைத் தேடி வாங்கியோர் தொகை குறைந்தது. நிக்கல்சன் அன்ட் வொட்சன் நிறுவனத்தாரின் ஆதரவு நீங்கியது. ரிச்சர்ட் மார்ச்சோடு சேர்ந்து நடத்திய ஏற்பாடும் இசைவின்றி முடிந்தது. தாம் தோற்றுவித்த சஞ்சிகையைவிட்டு வெளியேற நேர்ந்த தம்பிமுத்து 1949 இல் இலங்கைக்கு மீண்டார். சஞ்சிகையோ அவரின்றி 1951 வரை நடந்து இருபத்துமூன்றாம் இதழோடு நின்றது. பதினோராண்டு இலண்டன் வாழ்வின்பின் தாய்நாடு வந்தவரைத் தாய்நாடு நிறுத்தி வைக்கவில்லை. 1952 இல் அவர் நியூயோர்க் சென்றார்.

அமெரிக்க வாழ்வு பதினாறு ஆண்டுகள். ‘பொயற்றி லண்டன்–நியூயோர்க்’ என்ற பெயரில் 1956 முதல் 1960 வரை நான்கு இதழ்கள் வந்தன. இந்தியக் காதற் கவிதைகளைத் தொகுத்து 1954 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேரியன் மூர் என்னும் அமெரிக்கப் பெண்கவிஞரின் எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு 1964 இல் ஒரு வாழ்த்துமலர் தொகுத்தார். 1968 இல் இலண்டனுக்கு மீண்டு, பழைய சின்னத்தின் பெயரால் ‘லயர் பேர்ட்’ பதிப்பகத்தைத் தொடங்கினார். பீற்றில்ஸ் இசைக்குழுவினரின் ‘அப்பிள்’ நிறுவனத் தொடர்பால் 1979 இலும் 1982 இலும் ‘பொயற்றி லண்டன் அப்பிள் மகசின்’ என இரண்டு இதழ்களும் வெளிவந்தன. இவை எவற்றுக்கும் போர்க்காலத்து வலிமை இல்லை. இந்தியக் கலைகளை இலண்டனில் வளர்க்கும் நோக்கோடு இந்தியக் கலைக் கழகம் ஒன்றை அமைக்கும் முயற்சியில் அவர் தம் இறுதி நாட்களைச் செலவிட்டார்.

அவர் 1983 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டனிற் காலமானார். வயது அறுபத்தேழு. அடுத்த மாதம் கொழும்பில் தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்தின்பின் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் இலண்டனுக்கு வரலாயினர். தமிழ்ச் சஞ்சிகைகளும் நூல்களும் அங்கே அச்சாகத் தொடங்கின. அந்நகரில் நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அச்சுவேலியார் சஞ்சிகை நடத்தினார் என்பதை வந்தவருட் பலர் அறியார்.

1989 இல் ஜேன் வில்லியம்ஸ் தொகுத்த நினைவு நூலொன்றை இலண்டன் பீற்றர் ஓவன் பதிப்பகத்தார் வெளியிட்டனர். அதன் தலைப்பு தம்பிமுத்துவை இரு உலகங்களுக்கிடையே அமைந்த பாலம் என்று கூறுகின்றது. அவருடைய எழுத்துகளும், அவரை அறிந்த நண்பர்களின் நினைவுகளும் அதில் உள்ளன. பாலத்தின் ஒரு கரையில் நின்றோர் எழுதிய நூல் அது; மறுகரையாகிய யாழ்ப்பாணத்திலிருந்து, அவருடைய பாட்டனாரின் அச்சகத்தையும் அவரையும் ஒருங்குவைத்துத் தமிழில் எழுதப்பட வேண்டிய வரலாறு இன்னும் எஞ்சியிருக்கின்றது.